வாசகர் கேள்வி – பதில்: ராஜாஜி கட்சியும் நீதிபதி நியமனமும்

ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பணக்காரர்களின் கட்சி என்றுதான் எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அவ்வளவுதானா?
– கல்லூரி மாணவி, கோவில்பட்டி

பாதி உண்மை. மகாராஜாக்களும் மில் முதலாளிகளும் அதில் இருந்தார்கள், ஜெய்ப்பூர் காயத்ரி தேவி அந்தக் கட்சிதான், இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கட்சி பிறந்தது முதலாளிகளின் பிரச்சினையால் அல்ல. 1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ், இனி நாட்டில் கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறைதான் என்று தீர்மானம் போட்டது. ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவனும் அதைப் பொதுவில் சேர்த்துவிட்டுப் பங்குக்காரனாக உழைக்க வேண்டும் என்றால் எந்த விவசாயி ஒத்துக்கொள்வான்? ஆந்திரத்து விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். அந்த ஜூனிலேயே சென்னையில் புதுக்கட்சி அறிவிப்பு வந்துவிட்டது. ராஜாஜிக்கு அப்போது 80 வயது. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச் செயலாளர்.

தொழில் பக்கம் வந்தால், 1951-ஆம் வருஷத்துத் தொழில்கள் சட்டப்படி, ஆலை தொடங்கவும் லைசென்ஸ், பெரிதாக்கவும் லைசென்ஸ். உற்பத்தி எவ்வளவு என்பதை டெல்லியில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார். இதைத்தான் ராஜாஜி 'பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்' என்றார். இந்த முறையில் நசுங்கியது பெரிய முதலாளி இல்லை, அவருக்கு டெல்லியில் ஆள் இருந்தது, ஆபீஸ் இருந்தது. நசுங்கியது கோயம்புத்தூரில் சின்னதாகப் பட்டறை போட்டவர்தான், டெல்லிக்கு ரயில் ஏறவே அவரிடம் காசு இருந்திருக்காது. இதைச் சொல்லாமல் 'பணக்காரக் கட்சி' என்று முடித்துவிடுவது நியாயம் இல்லை. ராஜாஜி வெறும் பேச்சோடு நிற்கவும் இல்லை. 1952-இல் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார், நீக்கினால் பஞ்சம் வந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள், அது நடக்கவில்லை.

சந்தைப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் நீதிபதி நியமனத்தில் ஏன் மூக்கை நுழைக்கிறார்கள்? ரெண்டுக்கும் என்ன தொடர்பு?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

நம் நாட்டில் இந்த ரெண்டும் ஒரே வழக்கில் வந்து முட்டின.

1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசு 14 பெரிய வங்கிகளை அவசரச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் ஆர்.சி. கூப்பர். சில வங்கிகளில் பங்கு வைத்திருந்தவர், சுதந்திராக் கட்சிக்காரர். அவருக்காக வாதாடியவர் நானி பால்கிவாலா. 1970 பிப்ரவரி 10-இல் தீர்ப்பு வந்தது. 11 நீதிபதிகளில் 10 பேர், வங்கியை எடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இந்த 14 வங்கியை மட்டும் குறிவைத்ததும், இழப்பீடு கணக்கிட்ட விதமும் செல்லாது என்றார்கள். மாறுபட்ட ஒரே நீதிபதி ஏ.என். ரே. நாலே நாளில் அரசு புது அவசரச் சட்டம் கொண்டுவந்து வங்கிகளை மறுபடி எடுத்துக்கொண்டது, அது தனிக்கதை.

இந்த ரே என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது, அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது என்று 7 பேர், அதை ஏற்காதவர்கள் 6 பேர். ரே அந்த ஆறில் ஒருவர். மறுநாளே, ஏப்ரல் 25 அன்று, ஷெலத், ஹெக்டே, குரோவர் என்று பணி மூப்பில் முன்னால் இருந்த மூன்று பேரையும் தாண்டி ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் அரசுக்கு எதிரான ஏழு பேரில் இருந்தவர்கள். மூவரும் ராஜினாமா செய்தார்கள். ராஜாஜி இதைப் பார்க்க இல்லை, நாலு மாதம் முன்னால் 1972 டிசம்பர் 25 அன்றே இறந்துவிட்டார்.

நாடாளுமன்றத்தில் அரசின் பக்கம் நின்று வாதாடியவர் நம் குமாரமங்கலம் குடும்பத்து மோகன் குமாரமங்கலம், அப்போதைய மத்திய அமைச்சர். ஒளித்து மறைத்துப் பேசவில்லை, நீதிபதியின் கண்ணோட்டத்தையும் அரசு பார்க்கத்தான் செய்யும் என்றார். அவர் நேர்மையை மதிக்கிறேன், வாதத்தை ஏற்க முடியாது. இந்த நாட்டில் நீதிமன்றப் படி ஏறுகிறவர்களில் எல்லோரையும்விட பெரிய வழக்காடி அரசுதான். தன் வழக்கை யார் விசாரிக்கலாம் என்று வழக்காடியே தேர்ந்தெடுத்தால் எதிர்த்தரப்பில் நிற்கிறவனுக்கு, அவன் வங்கிப் பங்குதாரரோ, நிலம் பறிபோன குடியானவரோ, போலீஸ் பிடித்துப்போன மாணவனோ, என்ன மிச்சம்? 1976-இல் நெருக்கடி நிலையின்போது, விசாரணை இல்லாமல் சிறையில் இருப்பவர் நீதிமன்றம் போகவே உரிமை இல்லை என்று நாலு நீதிபதிகள் சொல்ல, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த வருஷம் ஜனவரியில் அவரையும் தாண்டி எம்.எச். பெக் தலைமை நீதிபதி ஆனார். சொத்து வழக்கில் ஆரம்பித்த பழக்கம் நாலே வருஷத்தில் ஆள் உயிர் வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் நியமனத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சுப்பாராவ்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிதம்பரம்

ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள். 1967 பிப்ரவரியில் கோலக்நாத் வழக்கில் அடிப்படை உரிமைகளைக் குறைக்க முடியாது என்று தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி, ரெண்டு மாதம் கூட ஆகாமல் பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளராக நின்று ஜாகிர் உசேனிடம் தோற்றார். சுதந்திராக் கட்சி அவரை ஆதரித்தது. அது தப்புதான். தீர்ப்பு சரி என்பதால் அதுவும் சரியாகிவிடாது.

மேலவையில் நியமன உறுப்பினராகி முதல்வர் ஆனவர் ராஜாஜி. அவர் கட்சிக்கு நியமனங்களைப் பற்றிப் பேச என்ன தகுதி?
– வாசகர், ஈரோடு

நியாயமான கேள்வி. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு 375-இல் 152 இடம்தான், பெரும்பான்மை இல்லை. ராஜாஜி தேர்தலிலேயே நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி வழக்குப் போட்டார், தள்ளுபடியானது. சட்டப்படி நின்றது, ஆனால் கலை, இலக்கியம், சமூக சேவைக்காரர்களுக்கென்று வைத்த இடத்தை அதற்குப் பயன்படுத்தியது முறை இல்லை என்பதே என் கருத்து. 1973-இல் இந்திரா காந்தி செய்ததும் எழுத்தளவில் சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

அப்படியென்றால் கொலீஜியம்தான் சரி என்கிறீர்களா?
– வாசகி, மதுரை

இல்லை. 1973-ம் 1977-ம் ஏற்படுத்திய காயத்தில்தான் 1993 தீர்ப்பு வந்தது, நியமனம் கொலீஜியம் என்ற மூத்த நீதிபதிகள் குழுவின் கைக்குப் போனது. காரணம் புரிகிறது. ஆனால் மூடிய அறையில் நீதிபதிகளே நீதிபதிகளை எடுப்பதும் ஒருவகை பெர்மிட் முறைதான்: ஏன் கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையத்தில் தலைமை நீதிபதி, ரெண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், ரெண்டு பிரமுகர்கள் என்று ஆறு பேர். யாராவது ரெண்டு பேர் மறுத்தால் நியமனம் நின்றுவிடும். 2015 அக்டோபரில் அதை 4–1 என்று ரத்து செய்தார்கள். செலமேஸ்வர் மட்டும் ஆணையம் செல்லும் என்றார், கொலீஜியத்தில் வெளிப்படை இல்லை என்று அவர் சொன்னதை ஒதுக்க முடியாது. ஆணையம் இருக்கட்டும், ஆனால் அதில் அரசு நினைத்தால் ஒருவரைத் திணிக்கவோ தடுக்கவோ வழி இருக்கக் கூடாது, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுத்தில் வர வேண்டும்.

1991 சீர்திருத்தம் சுதந்திராக் கட்சியின் வெற்றி என்று சொல்லலாமா?
– சிறுதொழில் செய்பவர், ஓசூர்

லைசென்ஸ் விஷயத்தில் சொல்லலாம். 1991 ஜூலை 24 அன்று வந்த தொழில் கொள்கை, 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றது. 1967-இல் மக்களவையில் 44 இடம் பிடித்து, 1971-இல் எட்டுக்குச் சரிந்து, 1974-இல் வேறு கட்சியோடு கலந்து காணாமலே போன ஒரு கட்சி பேசியதை, அதை எதிர்த்த காங்கிரஸே செய்தது.

சொத்துரிமையில் கதை வேறு. சுதந்திராக் கட்சிக்காரர்கள் போய்ச் சேர்ந்த ஜனதாவின் ஆட்சியில்தான், 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. இப்போது அது 300-ஏ பிரிவில் வெறும் சட்ட உரிமை. அதற்கப்புறமும் 1894-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை வைத்தே 2013 வரை நிலம் எடுத்தார்கள். 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையினர், தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் வளம் ஆகிவிடாது என்று சொல்லி, வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977-இல் எழுதிய கருத்தை ஏற்க மறுத்திருக்கிறார்கள். இந்தத் தீர்ப்பால் 300-ஏ திரும்ப அடிப்படை உரிமை ஆகிவிடவில்லை. அதற்கு இன்னொரு சாசனத் திருத்தம் வேண்டும்.