வெளியே ஆறிய துளைகளும் உள்ளே ஆறாத இணைப்பும்

கேள்வி: மலக்குடல் புற்றுநோய்க்காக என் அம்மாவுக்கு (வயது 62) லேப்பராஸ்கோப்பி முறையில் கட்டியை அகற்றி, குடலை இணைத்து, 6-ம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றிலுள்ள துளைகள் ஆறிவிட்டன, வயிற்றுவலியும் இல்லை. ஆனால் 11-ம் நாளிலிருந்து வால் எலும்புப் பக்கம் கனத்து வலிக்கிறது. மலம் முட்டிக்கொண்டு வந்தாலும் சளிதான் போகிறது. சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. மாலையில் லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது. “ஆபரேஷன் உடம்பு அப்படித்தான் இருக்கும்” என்கிறார் அம்மா. காத்திருக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காத்திருக்கக் கூடாது. கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் இதைச் சொல்லிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகக் காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

மலக்குடலை எடுத்தபின் அடிக்கடி மலம் வருவது இயல்புதான். அந்த அளவில் அம்மா சொல்வது சரி. ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவதும், அதனுடன் காய்ச்சலும் சிறுநீர்த் தடையும் சேர்வதும் இயல்பல்ல. வெளியே துளை சிறியதாக இருந்தாலும் உள்ளே நடந்தது பெரிய அறுவை சிகிச்சைதான். குடலை இணைத்த இடம் இடுப்புக்குழியின் அடியில், வயிற்றறைச் சவ்வுக்குக் (வயிற்றறையை மூடியிருக்கும் மெல்லிய உறை) கீழே இருப்பதால், அங்கே கசிவு ஏற்பட்டால் திரிக எலும்புக்கு (வால் எலும்புக்கு மேலுள்ள எலும்பு) முன்னால் சீழ் கட்டும். வயிறோ மிருதுவாகவே இருக்கும். இதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலான கசிவுகள் முதல் 10 நாட்களுக்குள் தெரிந்துவிடும். தாமதமாக வருபவை குறைவு. அப்போது நோயாளி வீட்டில் இருப்பார் என்பதே அவற்றின் ஆபத்து.

ரத்தத்தில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்) அளவையும், ஆசனவாய் வழியே சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனையும் மருத்துவர் பார்ப்பார். அதுவரை எனிமாவோ ஆசனவாய் மாத்திரையோ வைக்காதீர்கள். காய்ச்சல் மாத்திரை கொடுக்கும் முன் வெப்பநிலையை அளந்து எழுதி வையுங்கள், ஏனெனில் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்.

கசிவு என்றாலே மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. சிறியதாக இருந்தால் ஆன்டிபயாடிக் மருந்தே போதும். சீழ் தேங்கியிருந்தால் ஸ்கேன் பார்த்தபடி மெல்லிய குழாய் செருகி வடித்துவிடலாம். சிலருக்கு எண்டோஸ்கோப்பி மூலம் சீழ் கட்டிய குழிக்குள் ஒரு ஸ்பாஞ்சை வைத்து, அதிலிருந்து வரும் குழாயை உறிஞ்சும் கருவியுடன் இணைப்பார்கள். 3, 4 நாட்களுக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்றும்போது, குழி சுருங்கச் சுருங்க அதையும் சிறிதாக வெட்டி வைப்பார்கள். பொறுமையைச் சோதிக்கும் சிகிச்சைதான், ஆனாலும் பலருக்குக் குழி மூடிவிடுகிறது. தற்காலிக ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு) தேவைப்படலாம். சிலருக்கு அது நிரந்தரமாகிவிடுவதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. தொற்று வயிறு முழுவதும் பரவியிருந்தால் மட்டும் உடனடி அறுவை சிகிச்சையைத் தவிர வழியில்லை.

இன்னொன்றை அம்மாவிடம் நீங்களே தனிமையில் கேளுங்கள்: பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ கசிகிறதா? மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே அரிதாகப் புரைவழி (இரண்டையும் இணைக்கும் இயல்பற்ற பாதை) உண்டாகும். கூச்சத்தால் பெண்கள் இதை மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மருத்துவரும் கேட்க மறந்தால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.