வாசகர் கேள்வி: பினாங்குக் கடலுக்கு எந்தப் பலகை?

கேள்வி: பத்து ஃபெரிங்கியில் குடியிருக்கிறேன். எடை 75 கிலோ. சர்ஃபிங் பழக ஆசை. ஒரு பலகைதான் வாங்க முடியும். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பேடில்போர்டா, நீளமான சர்ஃபிங் பலகையான லாங்போர்டா? போட்ட காசுக்கு எது மதிப்பு?
- வாசகர், பினாங்கு

பதில்: காற்றடைக்கும் பேடில்போர்டு. உங்கள் கடல் அப்படி. சுமத்ரா குறுக்கே கிடப்பதால் மலாக்கா நீரிணைக்குள் சர்ஃபிங்குக்கு ஏற்ற அலை வருவது அபூர்வம். லாங்போர்டுக்கு வேலை தீபகற்பத்தின் கிழக்குக் கரையில்தான்: செராத்திங், தியோமான் தீவின் ஜுவாரா. அங்கும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் நல்ல அலை. மற்ற நாளெல்லாம் 9 அடிப் பலகை வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கும்.

அலையில் மட்டும் ஒப்பிட்டால் லாங்போர்டுதான் கெட்டி. அகலம் 22, 23 அங்குலம், ஓரம் மெல்லியது. சாய்த்த பக்கம் திரும்பும். காற்றடைக்கும் பேடில்போர்டு 6 அங்குலத் தடிமன். உருண்ட ஓரம் அலைச்சரிவைப் பிடிக்காமல் வழுக்கும், நடுவில் வளையும். வெள்ளை நுரையில் நேராக ஓட்டலாம், அவ்வளவுதான். துடுப்பு இருப்பதால் அலையை மற்றவர்களுக்கு முன்பே பிடிக்க முடியும். அதற்காக எல்லா அலையையும் நீங்களே வாரிக்கொள்வது அநாகரிகம்.

10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம் உங்களைத் தாராளமாகத் தாங்கும். பம்பும் துடுப்பும் பையும் பெரும்பாலும் அதே விலையில் சேர்ந்து வரும். காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ வரை அடியுங்கள். கை வலித்து 10-இல் நிறுத்திவிட்டு, பலகை தொய்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. துடுப்பு உங்கள் உயரத்தைவிட 8 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். அலையில் 4 போதும். துடுப்பின் அலகு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி, முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் தண்ணீரை மேலே தூக்கும், பலகை சரியாக நகராது. பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிறு இல்லாமல் இறங்கவே கூடாது.

ஃபெரிங்கிக் கரை வடக்கு பார்த்தது. தெற்கிலிருந்து காற்றடித்தால் கரையோரம் அமைதியாகத் தெரியும், ஆனால் உங்களை வெளியே தள்ளிக்கொண்டு போகும். நின்றால் உடம்பே பாய்மரம். உடனே மண்டியிட்டோ குப்புறப் படுத்தோ கரைக்குத் திரும்புங்கள். விடியற்காலையில் மேற்கே கருத்திருந்தால் இறங்கவே வேண்டாம். நச்சு ஜெல்லிமீனும் உண்டு: முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, கைவசம் ஒரு போத்தல் வினிகர்.

செராத்திங் போகும்போது லாங்போர்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: காற்றடைத்த பலகையை மதியம் காரில் விட்டேன். ஓரத்தில் ஒட்டு விட்டுப்போச்சு. சரிசெய்ய முடியுமா?
- வாசகி, கோலாலம்பூர்

பதில்: பூட்டிய கார்ச் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும், பசையும் இளகும். சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றை முழுக்க இறக்கி, அசிட்டோனால் துடைத்து, பிவிசி பசையை இரண்டு பக்கமும் தடவுங்கள். லேசாக ஒட்டும் பதம் வந்ததும் அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் மறுபடி விட்டுப்போகும். 24 மணி நேரம் கழித்துத்தான் காற்றடிக்க வேண்டும். நீள வாக்கில் ஒரு சாண் அளவு பிரிந்திருந்தால் வீட்டில் முயலாமல் கடைக்கே கொண்டுபோங்கள்.