ஸ்ட்ரீமிங் காசு, வினைல், ஏ.ஐ. பாட்டு: ராயல்டி கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டவை

பாட்டுகளை ஆப்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூஷன் வேலையில், ராயல்டி (பாட்டின் உரிமையாளர்களுக்கு வரும் பங்குப் பணம்) அறிக்கை சரிபார்ப்பது என் பங்கு. அந்த எல்லைக்குள் எது வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த ஹெட்போன் வாங்கலாம் என்பதற்கு நான் சரியான ஆள் இல்லை.

கேள்விகளுக்கு முன்னால் ஒன்று. "காசு கட்டினால் இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் கேரண்டி" என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் பதில்கூடப் போடாதீர்கள். காரணம் கீழே வரும், அநேகமாக ஒரு தடவைக்கு மேல் வரும்.

தபேலா தம்பி: அக்கா, ஒரு ஸ்ட்ரீமுக்கு எவ்வளவு தருவார்கள்? நெட்டில் ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள்.

ஆளுக்கு ஓர் எண் வருவதற்குக் காரணம், அப்படி ஒரு விலையே கிடையாது தம்பி. ஆப் நிறுவனம் ஒரு நாட்டில், ஒரு மாதத்தில், ஒரு வகைச் சந்தாவில் வந்த வருமானத்தை எடுத்துக்கொள்ளும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்கு. அந்த மாதம் அங்கே ஓடிய மொத்த ஸ்ட்ரீமில் உன் பாட்டு எத்தனை சதவீதமோ, அந்தப் பங்கு உனக்கு. எல்லாம் முடிந்தபிறகு வந்த காசை ஸ்ட்ரீம் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். அதைத்தான் எல்லாரும் 'ரேட்' என்கிறார்கள்.

அறிக்கையைத் திறந்தால் இது கண்ணில் படும். ஒரே பாட்டு, ஒரே மாதம், பத்துப் பதினைந்து வரியாகப் பிரிந்திருக்கும்: நாடு, ஆப், சந்தா வகை, எண்ணிக்கை, தொகை. தனிச் சந்தாதாரர் வரியில் ஒரு ஸ்ட்ரீமுக்கு அரை சென்ட் விழுந்திருக்கும். குடும்பச் சந்தா வரியில் அதைவிடக் குறைவு, மாணவர் சந்தாவிலும் குறைவு. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டவர்களின் வரியில் புள்ளிக்குப் பிறகு பூஜ்ஜியங்களை எண்ண வேண்டியிருக்கும். கேட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன சந்தா கட்டுகிறார்கள் என்பது தெரியாமல் உன் வருமானத்தை யாராலும் சொல்ல முடியாது.

ஆப்பிள் மியூசிக் 2021 இல் கலைஞர்களுக்கு எழுதிய கடிதத்தில் சராசரியாக ஒரு பிளேக்கு 1 சென்ட் என்றது. ஸ்பாட்டிஃபைக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 0.003 முதல் 0.005 டாலர். இதை வைத்து ஆப்பிள் தாராளப் பிரபு என்று முடிவு கட்டாதே. அங்கே இலவசப் பிரிவு இல்லை, அதனால் சராசரி தூக்கலாக இருக்கிறது. ஒரு ஆப்பில் மக்கள் அதிக நேரம் கேட்டால் அங்கே இந்த 'ரேட்' இறங்கும், ஏனென்றால் அதே சந்தாப் பணம் அதிக ஸ்ட்ரீமுக்குப் பிரிகிறது.

இன்னொன்று: ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை. இரண்டு காசும் இரண்டு வழியாக வரும். முதல் வழியை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பதிவுகூடச் செய்யாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

பழைய கேசட்: இசை விற்பனை செத்துப்போய்விட்டது என்கிறார்களே?

1999 இல் பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பகிரும் நாப்ஸ்டர் வந்தபிறகு பத்துப் பதினைந்து வருஷம் சரிவுதான். இன்றைய நிலை வேறு. இசை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. கணக்குப்படி 2024 இல் உலக அளவில் ஒலிப்பதிவு வருமானம் 2,960 கோடி டாலர். அதில் 69% ஸ்ட்ரீமிங். காசு கட்டிக் கேட்கும் சந்தாவில் இருப்பவர்கள் 75.2 கோடிப் பேர். செத்தது டவுன்லோடுதான். 2003 இல் ஐடியூன்ஸ் ஒரு பாட்டு 99 சென்ட் என்று ஆரம்பித்ததை இப்போது யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

பழைய கேசட்: அப்படியானால் வினைல் மட்டும் ஏன் ஏறுகிறது?

அமெரிக்காவில் 2022 இல் வினைல் இசைத்தட்டு, விற்ற எண்ணிக்கையில் சி.டி.யைத் தாண்டியது. 1987க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 2024 இல் அங்கே விற்றவை 4.4 கோடித் தட்டுகள், 3.3 கோடி சி.டி.க்கள். வாங்குபவர்கள் எல்லாரும் ஒலித்தரம் தேடி வருகிறார்கள் என்று நான் நம்பவில்லை. இசைத் தரவு நிறுவனமான லூமினேட்டின் ஆய்வில் வினைல் வாங்கிய அமெரிக்கர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயர் இருந்தது. மீதிப் பேர் அட்டையைப் பார்க்கிறார்கள், அலமாரியில் வைக்கிறார்கள், பிடித்த கலைஞருக்குக் கையில் காசு கொடுத்த திருப்தியோடு இருக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. நானும் வாங்குவேன்.

மழைக்குரல்: எனக்கு 1 லட்சம் ஸ்ட்ரீம் வந்தால் எவ்வளவு கிடைக்கும் மேடம்?

தபேலா தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

வீட்டு ஸ்டூடியோ: என் பாட்டு 640 ஸ்ட்ரீமில் நிற்கிறது. அதற்குக் காசே வராது என்கிறார்கள், உண்மையா?

ஸ்பாட்டிஃபையில் உண்மை. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அந்தப் பங்கு ஆயிரத்தைத் தாண்டிய பாட்டுகளுக்குப் போய்விடுகிறது. அவர்கள் சொன்ன காரணம், அந்தச் சில்லறை, டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து எடுக்கத் தேவையான குறைந்தபட்சத் தொகையைக்கூடத் தொடாமல் கிடக்கிறது என்பது. கிடப்பது நிஜம். ஆனால் சின்னவர்களின் சில்லறையை எடுத்துப் பெரியவர்களுக்குக் கொடுப்பது அதற்குத் தீர்வு என்பதை நான் ஏற்கவில்லை.

நீங்கள் தனியாள் இல்லை. லூமினேட் 2023 இல் கணக்கிட்ட 18.4 கோடிப் பாட்டுகளில் 15.86 கோடி அந்த வருஷம் 1,000 அல்லது அதற்கும் குறைவான தடவைதான் ஓடியிருந்தன. 4.56 கோடிப் பாட்டுகளை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வீட்டு ஸ்டூடியோ: ஒருவர் ப்ளேலிஸ்ட்டில் போட்டு 10,000 ஸ்ட்ரீம் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஆயிரத்தைத் தாண்டக் கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். கேள்விகளுக்கு முன்னால் சொன்னது இதைத்தான்.

அவர் கொண்டுவருவது காதுகளை இல்லை, பாட் கணக்குகளை, அதாவது மென்பொருள் தானாக ஓட்டும் போலிக் கணக்குகளை. அறிக்கையில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உதாரணத்துக்கு ஸ்ட்ரீம் 20,000, கேட்டவர்கள் 40 பேர். எல்லாரும் ஒரே ஊர். 30 வினாடி ஓடினால்தான் ஸ்ட்ரீம் என்று எண்ணப்படும் என்பதால் பெரும்பாலானவை 31, 32 வினாடியில் நின்றிருக்கும். பகல், நடுராத்திரி, விடியற்காலை, எல்லா மணிநேரமும் ஒரே அளவு. ஒருவர்கூடப் பாட்டைச் சேமிக்கவில்லை. மனிதர்கள் இப்படிக் கேட்பதில்லை. எனக்கே ஒரு நிமிடத்தில் தெரிகிறது என்றால் ஆப் நிறுவனத்தின் மென்பொருளுக்குத் தெரியாதா?

பிடிபட்டால் அந்த ஸ்ட்ரீம் கணக்கிலிருந்து போகும். ஸ்பாட்டிஃபை அப்பட்டமான கேஸ்களில் பாட்டுக்கு இவ்வளவு என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வசூலிக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் அதை உங்கள் தலையில் கட்டுவார். பாட்டே இறக்கப்படலாம். காசு வாங்கிய ஆள் அதற்குள் வேறு பெயரில் வேறொருவருக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருப்பார்.

ராகமாலிகை: ஏ.ஐ. பாட்டுகள் கலைஞர்களின் வருமானத்தைத் தின்றுவிடுமா?

ஏற்றப்படுவதையும் கேட்கப்படுவதையும் பிரித்துப் பாருங்கள். பிரெஞ்சு ஸ்ட்ரீமிங் ஆப்பான டீசர் சொன்னபடி 2025 ஜனவரியில் அவர்களுக்கு நாளொன்றுக்கு 10,000 முழு ஏ.ஐ. பாட்டுகள் வந்தன. நவம்பரில் அது 50,000, அதாவது வரும் பாட்டுகளில் மூன்றில் ஒன்று. ஆனால் அப்போது மொத்தக் கேட்பில் அவற்றின் பங்கு அரை சதவீத அளவுதான். அந்த அரை சதவீதத்திலும் 70% வரை போலி ஸ்ட்ரீம் என்றார்கள்.

ஆக இப்போதைக்கு ஏ.ஐ. பாட்டின் முக்கிய ரசிகர் பாட்தான். அமெரிக்காவில் 2024 இல் ஒரு வழக்கு வந்தது: லட்சக்கணக்கான ஏ.ஐ. பாட்டுகள், ஆயிரக்கணக்கான பாட் கணக்குகள், 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி எடுத்ததாகக் குற்றச்சாட்டு. ஒரு பாட்டைக் கோடித் தடவை ஓட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று, பல லட்சம் பாட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டியிருக்கிறார்கள். ஏ.ஐ. அங்கே இசைக்குப் பயன்படவில்லை, மறைவதற்குப் பயன்பட்டது.

'கேட்டாலே தெரிந்துவிடும்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். டீசரும் கருத்தாய்வு நிறுவனமான இப்சோஸும் எட்டு நாடுகளில் 9,000 பேரிடம் நடத்திய சோதனையில் 97% பேரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

கணக்குப்பிள்ளை: நீங்கள் சொன்ன பங்கீடே அநியாயம் இல்லையா? என் சந்தா நான் கேட்டவர்களுக்குப் போகாமல், நான் காதால்கூடக் கேட்காத ஆளுக்கு ஏன் போக வேண்டும்?

வந்துவிட்டது. இதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும்.

பங்கிட ஆளுக்கு 10 டாலர் வைத்த இரண்டே பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் அ-வின் பாட்டை 900 தடவை ஓட்டுகிறார், இன்னொருவர் ஆ-வின் பாட்டை 100 தடவை. இப்போதைய முறையில் அ-வுக்கு 18 டாலர், ஆ-வுக்கு 2. நீங்கள் கேட்கும் முறையில், அவரவர் காசு அவரவர் கேட்டவருக்கு, ஆளுக்கு 10. சவுண்ட்கிளவுட் என்ற ஸ்ட்ரீமிங் தளம் 2021 இல் தன்னிடம் நேரடியாகக் காசு பார்க்கும் தனிக் கலைஞர்களுக்கு இதைக் கொண்டுவந்தது.

நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் 900 தடவை கேட்பவர் யார்? பெரும்பாலும் இளைஞர். அவர் நேசிக்கும் கலைஞரின் பங்கு குறைகிறது. எப்போதோ ஆப்பைத் திறந்து ஒரே ஒரு பாட்டுக் கேட்டு மூடியவரின் 10 டாலரும் அந்த ஒரு பாட்டுக்குப் போகிறது. அதுவும் விசித்திரம்தானே?

கணக்குப்பிள்ளை: விசித்திரம் இல்லை, அது அவர் காசு. சின்னக் கலைஞர்களுக்கு இதனால் விடிவு வரும்.

விடிவு எவ்வளவு என்று பிரான்ஸின் தேசிய இசை மையம் ஆராய்ந்து 2021 இல் அறிக்கை விட்டது. கிளாசிக்கலுக்குக் கூடும், ராப்புக்கும் ஹிப்ஹாப்புக்கும் குறையும். முதல் 10,000 கலைஞர்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வித்தியாசம் வருஷத்துக்கு அதிகபட்சம் சில யூரோக்கள்.

தபேலா தம்பி: சில யூரோவானாலும் என் யூரோ அக்கா!

சரி தம்பி, வாங்கிக்கொள்.

கணக்குப்பிள்ளை: நீங்களே பாட் பற்றி இவ்வளவு எழுதினீர்கள். என் முறையில் பாட் கணக்கு தான் கட்டிய காசுக்கு மேல் எடுக்கவே முடியாது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இதுதான் உங்கள் பக்கத்தில் இருக்கும் வலுவான வாதம், ஆரம்பத்திலேயே இதைப் போட்டிருக்கலாம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பாட் கணக்கு 30 வினாடிக்கு ஒரு பாட்டாக ஓட்டினால் நாளைக்கு 2,880, மாதத்துக்கு 86,400 ஸ்ட்ரீம். 0.003 டாலர் என்று வைத்தாலும் 259 டாலர். கட்டிய சந்தா சுமார் 10. இப்போதைய முறை திருடனுக்கு இருபத்தைந்து மடங்கு காட்டுகிறது. அவரவர் காசு முறையில் அவன் கட்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான் திரும்ப வரும், நஷ்டம்.

ஆகவே மோசடியைத் தடுக்க இந்த முறை நல்லது என்றால் கையெழுத்துப் போடுகிறேன். ஏழைக் கலைஞரைப் பணக்காரராக்கும் என்றால் மாட்டேன். இடையில் மூன்றாவது வழியும் இருக்கிறது. டீசர் 2023 இல் யுனிவர்சல் இசை நிறுவனத்தோடு சேர்ந்து பிரான்ஸில் ஆரம்பித்தது: மாதம் குறைந்தது 500 பேர் சேர்ந்து மொத்தம் 1,000 தடவையாவது கேட்கும் கலைஞருக்கு இரட்டிப்பு மதிப்பு, கேட்பவர் தானாகத் தேடிப்போய்ப் போட்ட பாட்டுக்கு மேலும் இரட்டிப்பு. தேடிக் கேட்பதற்கும் பின்னணியில் ஓடுவதற்கும் வேறு விலை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 500 பேர் என்ற கோட்டை யார் எதை வைத்துப் போட்டார்கள் என்பதுதான் உறுத்தல்.

கணக்குப்பிள்ளை: பாதி ஒத்துக்கொண்டீர்கள், போதும்.

நீலப்பல்: ஒரு ஸ்ட்ரீமுக்குத் தோராயமாகவாவது…

மேலே. மேலே. மேலே இருக்கிறது.

நீலப்பல்: சரி, வேறு கேள்வி. லாஸ்லெஸ் (தரம் குறையாத ஒலி) வந்துவிட்டதே, ப்ளூடூத் இயர்போனில் வித்தியாசம் தெரியுமா?

சாதாரண ப்ளூடூத் ஒலியை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். வயர் போட்டுக் கேளுங்கள்.

மழைக்குரல்: பாட்டுகள் குட்டையாகிக்கொண்டே வருவது ஸ்ட்ரீமிங்கால்தானா?

பங்கு உண்டு. 30 வினாடி தாண்டினால் ஸ்ட்ரீம், அதனால் நீண்ட முன்னிசைக்கு ஆபத்து. மூன்று நிமிடத்துக்கும் ஏழு நிமிடத்துக்கும் ஒரே காசு, அதனால் நீளத்துக்கு லாபம் இல்லை. ஆனால் பழைய 78 ஆர்.பி.எம். கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடித்தது, அந்தக் காலத்துப் பாட்டும் அதற்குள் அடங்கியது. பாட்டின் நீளத்தை எப்போதும் அதை விற்கும் பொருள்தான் வெட்டியிருக்கிறது.

ராகமாலிகை: எல்லாரும் பழைய பாட்டையே கேட்கிறார்களே, புதியவர்களுக்கு இடம் இருக்கிறதா?

வெளியாகி 18 மாதம் தாண்டிய பாட்டைத் தொழிலில் 'கேட்டலாக்' என்பார்கள். அமெரிக்காவில் 2024 இல் கேட்பில் 70%க்கு மேல் கேட்டலாக்தான். கேட் புஷ் 1985 இல் வெளியிட்ட ஒரு பாட்டு, தொடர் ஒன்றில் ஒலித்ததால் 2022 இல் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. தட்டு விற்ற காலத்தில் பழைய பாட்டை ஆயிரம் தடவை கேட்டாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது, ஒரு தடவை வாங்கியதோடு சரி. இப்போது ஒவ்வொரு கேட்பும் எண்ணப்படுகிறது. அதனால் பழசு கூடியதாகத் தெரிவதில் ஒரு பகுதி, முன்னாலேயே இருந்த பழக்கம் இப்போது கண்ணுக்குத் தெரிவதுதான். புதியவருக்கு இதில் ஒரு லாபம்: இன்று போட்ட பாட்டு மூன்று வருஷம் கழித்தும் காசு கொண்டுவரலாம். முதல் வாரத்தில் ஓடவில்லை என்று இறக்கிவிடாதீர்கள்.

வீட்டு ஸ்டூடியோ: அந்த ப்ளேலிஸ்ட்காரர் இப்போது பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்…

பிளாக் செய்யுங்கள்.