ஸ்டாண்ட்-அப் (மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்வது), நடிப்பு இரண்டையும் வைத்துப் பிழைக்க முடியுமா? எதை முதலில் தொடங்குவது, இருக்கும் வேலையை விடலாமா?

பிழைக்க முடியும். நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். தெருவில் என்னைப் பார்த்தால் 'எங்கேயோ பார்த்த முகமாச்சே' என்று ஒரு நொடி யோசிப்பீர்கள், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த ரகம்தான்.

ஸ்டாண்ட்-அப்பில் தொடங்குங்கள் என்பேன். நடிக்க வேண்டுமென்றால் யாராவது கூப்பிட வேண்டும். ஸ்டாண்ட்-அப்புக்கு ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பார்க்கும் நிகழ்ச்சி) நடக்கும் ஓர் இடமும் கேட்க நாலு பேரும் போதும். ஆடிஷன் கொடுத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் பதிலே வராது. ஏன் எடுக்கவில்லை என்றும் தெரியாது. உங்கள் உயரம்கூடக் காரணமாக இருக்கலாம். மேடையில் பதில் அங்கேயே கிடைத்துவிடும். ஜோக் எடுபடவில்லை என்றால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும்.

அமெரிக்கக் காமெடியன் ஜெர்ரி சைன்ஃபெல்டையே பாருங்கள். 1980இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் சின்ன வேடம் கிடைத்து, சில எபிசோடுகளிலேயே நீக்கிவிட்டார்கள். மேடை கையில் இருந்ததால் அவர் தொழில் நிற்கவில்லை. 1981இல் ஜானி கார்சன் நடத்திய பிரபலமான இரவு நேர டிவி நிகழ்ச்சியில் ஸ்டாண்ட்-அப் செய்தார். அவர் பெயரிலேயே தொடர் வந்தது 1989இல்தான். எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் நடிப்பு வாய்ப்பு வராத மாதங்களிலும் செய்ய ஒரு வேலை இருக்கும்.

மேடைப் பழக்கம் கேமரா முன்னால் காலை வாரிவிடும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மேடையில் பஞ்ச்லைன் சொன்னதும் சிரிப்புக்காக நிற்போம். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு ஓடுவதால் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். அந்த அமைதியில், எடுபடவில்லை போலிருக்கிறது என்று பயந்து அடுத்த டேக்கில் கொஞ்சம் அதிகமாகச் செய்வோம், அங்கேதான் கெடும். இன்னொன்று, ஸ்டாண்ட்-அப்பில் நமக்கு எதிரே நடிகர் கிடையாது. அதனால் எதிரில் பேசுபவரைக் கேட்பது என்கிற சாதாரண வேலையே நமக்கு வராது. நம் வசனம் எப்போது வரும் என்று காத்திருப்பது முகத்தில் அப்படியே தெரியும். ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து ஒத்திகை பார்த்தால் இது சரியாகும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மற்றபடி, ஒரே வசனத்தை நாலு விதமாக முடித்துக் காட்டு என்று இயக்குநர் கேட்டால் ஸ்டாண்ட்-அப் ஆட்கள் அசர மாட்டார்கள்.

சரி, காசு. லாஸ் ஏஞ்சலஸின் காமெடி ஸ்டோர் மிகப் பிரபலமான கிளப். அங்கேயே சம்பளம் தரவில்லை என்று 1979இல் காமெடியன்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஒரு செட்டுக்கு (ஒருமுறை மேடையேறிச் செய்வதற்கு) 25 டாலர் என்று ஒப்புக்கொண்டார்கள். கிளப் மேடை இன்றைக்கும் பயிற்சிக்கூடம் மாதிரிதான். வருமானம் கார்ப்பரேட் ஷோ, விளம்பரம், டப்பிங், அடுத்தவருக்கு எழுதிக் கொடுப்பது என்று பக்கவாட்டில் இருந்து வரும். படப்பிடிப்புக்கு டேட் பிளாக் பண்ணச் சொல்வார்கள், நாம் ஷோவை விட்டுக்கொடுப்போம், கடைசியில் படப்பிடிப்பு தள்ளிப்போகும். எனக்கு இது பழகிவிட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் பழகவில்லை.

அப்புறம், நல்ல ஜோக்கை அவசரப்பட்டு இணையத்தில் போடாதீர்கள். வீடியோவில் பார்த்தவர் டிக்கெட் வாங்கி வந்து அதையே கேட்டால் பாதிதான் சிரிப்பார். பார்வையாளரோடு வாயாடும் கிரவுட் ஒர்க் துண்டுகளைப் போடுங்கள். அது அன்றைக்கு அங்கே பிறந்தது, போனால் நஷ்டமில்லை. பலரும் இதைத்தான் செய்கிறார்கள்.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். அமெரிக்க நடிகர் கென் ஜியோங் மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டேதான் ஸ்டாண்ட்-அப் செய்தார்; 2007இல் வந்த ஒரு படத்தில் மருத்துவர் வேடமே கிடைத்தது, அதையொட்டித்தான் முழுநேர நடிப்புக்கு மாறினார். ஸ்டாண்ட்-அப் பெரும்பாலும் இரவில்தான், அதனால் வேலையோடு மோதாது. ஆடிஷன் பகலில் வரும். ஆனால் பல இடங்களில் முதல் சுற்றுக்கு வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பினால் போதும் என்கிறார்கள், அதனால் முன்புபோல் அடிக்கடி லீவு கேட்டு நிற்க வேண்டியதில்லை.