போடக் கூடாத கையெழுத்தும் வாங்க வேண்டிய கையெழுத்தும்

கேள்வி: மருத்துவமனைகளுக்கு பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் புரோகிராமராக இருந்தேன். இரவு நேரங்களில், சொந்த லேப்டாப்பில், இரண்டு ஆண்டுகள் உழைத்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கி, இணையத்தில் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியிட்டேன். ஓரளவு விற்கத் தொடங்கியதும் முழுநேரமாக இதில் இறங்க முடிவுசெய்து ராஜினாமா செய்தேன். நியமனக் கடிதத்தில் 'பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லா மென்பொருளும் நிறுவனத்துக்கே சொந்தம்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டி, விளையாட்டின் காப்புரிமையை எழுதிக் கேட்கிறார்கள். 15 நாளில் கையெழுத்துப் போடாவிட்டால் பணி விடுவிப்புக் கடிதம் கிடையாது, வழக்குப் போடுவோம், ஸ்டீமில் புகார் செய்து விளையாட்டை நீக்குவோம் என்கிறார்கள். இரண்டு மூன்று முறை அலுவலக லேப்டாப்பிலும் அந்தக் கோப்புகளைத் திறந்திருக்கிறேன். படங்கள் வரைந்தவருக்கு 60,000 ரூபாய் கொடுத்தேன். இசையமைத்த நண்பர் பணம் வாங்கவில்லை. 'எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்' என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். கெடு என்றதும் பயந்துபோய்க் கையெழுத்திட்டுவிட்டு அதன் பிறகு ஆலோசனை கேட்டு வருபவர்களுக்கு என்னால் அதிகம் செய்ய முடிவதில்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு ஆண்டு இரவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது மிகவும் கடினம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. உங்கள் விஷயம் பதிப்புரிமை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி கம்ப்யூட்டர் நிரலும் ஒரு இலக்கியப் படைப்பு. எழுதியவரே அதன் முதல் உரிமையாளர். இதற்கு விதிவிலக்காக 17(சி) பிரிவு இருக்கிறது: பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர் அந்த வேலையின் போக்கில் உருவாக்கியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். 'வேலையின் போக்கில்' என்பதைக் கவனியுங்கள். மாதச் சம்பளம் வாங்கிய காலத்தில் செய்தது எல்லாம் இதற்குள் வந்துவிடாது. மருத்துவமனை பில் போடும் மென்பொருளை எழுதத்தான் உங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். விளையாட்டை யாரும் உங்களுக்கு ஒதுக்கவில்லை, மேற்பார்வை செய்யவில்லை, செலவு செய்யவில்லை. இந்தப் பிரிவை வைத்து அவர்கள் வெல்வது கடினம்.

அடுத்தது நியமனக் கடிதத்தின் அந்த வரி. இனி உருவாகப்போகும் படைப்பின் உரிமையைக்கூட முன்கூட்டியே மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பதால், அதை ஒன்றுமில்லை என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் உரிமை மாற்றத்துக்கு 19-வது பிரிவு கண்டிப்பான நிபந்தனைகள் விதிக்கிறது. எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எத்தனை காலம், எந்த எல்லைக்குள் என்றும் சொல்ல வேண்டும். 'எல்லா மென்பொருளும்' என்ற வரி உங்கள் விளையாட்டை அடையாளம் காட்டவில்லை. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டாலும், காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே, எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்குள் மட்டுமே. 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்பது போன்ற சொற்கள் உங்கள் கடிதத்தில் எங்காவது இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இருந்தால் நிலைமை கொஞ்சம் கடுமையாகும்.

இப்போது நீட்டும் தாளில் உங்கள் விளையாட்டின் பெயரும், காலமும், எல்லையும் தெளிவாக இருக்கும். பழைய வரியில் இல்லாததை எல்லாம் அது நிரப்பிவிடும். உரிமை ஏற்கனவே அவர்களுடையது என்றால் புதிதாக உங்கள் கையெழுத்து எதற்கு? நீதிமன்றத்தில் நான் கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுதான்.

வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் உங்கள் கடிதத்தில் இருக்கலாம். அதை மீறியதாகச் சொல்லி நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு வழி இருந்திருக்கும். பணிக்காலத்துக்குள் அப்படிப்பட்ட கட்டுப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே கோலிகரி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒழுங்கு மீறல் வேறு, பதிப்புரிமை வேறு. முன்னது நிரூபணமானாலும் விளையாட்டு கைமாறாது. வேலையை விட்ட பிறகும் தொழில் செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி அது செல்லாது.

அலுவலக லேப்டாப்பில் திறந்ததை என்னிடம் மறைக்காமல் சொன்னது நல்லது. அதனால் மட்டும் உரிமை போய்விடாது. தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் உங்கள் கிட் (Git) பதிவேட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியும் நேரமும் இருக்கும். இரவு 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடியும் அந்த வரிசைதான் உங்கள் முதல் சாட்சி. அலுவலக நேரத்தில் விழுந்த இரண்டு பதிவுகளை மறைக்கப் போனால் மற்ற ஆயிரமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். லேப்டாப் வாங்கிய ரசீது, ஸ்டீமுக்கு உங்கள் கார்டில் கட்டிய 100 டாலர் ரசீது, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள். கணினிப் பதிவுகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-இன் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். அதை உங்கள் வழக்கறிஞர் தயார்செய்வார்.

கெடு முடிவதற்குள் சுருக்கமாக ஒரு பதில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும். விளையாட்டு உங்கள் சொந்தப் படைப்பு, உரிமை மாற்றக் கையெழுத்துப் போட இயலாது, விடுவிப்புக் கடிதத்தை இதனுடன் முடிச்சுப் போடுவதை ஏற்கவில்லை. இவ்வளவு போதும். கோபமான வரி ஒன்றுகூட வேண்டாம். விடுவிப்புக் கடிதம் தாமதமானாலும் ராஜினாமா ஏற்ற மின்னஞ்சலும் சம்பளச் சீட்டுகளும் நீங்கள் அங்கே வேலை செய்ததைக் காட்டும். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை அவர்கள் பதியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

ஸ்டீமில் புகார் செய்தால் விளையாட்டு தற்காலிகமாக நீக்கப்படலாம். ஸ்டீம் அமெரிக்க நிறுவனத்தின் தளம்; அமெரிக்கச் சட்டப்படி நீங்கள் எதிர்மனு கொடுத்தால், புகார் செய்தவர் வழக்குத் தொடராத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் மீண்டும் வைக்க வேண்டும். எதிர்மனுவில் அமெரிக்க நீதிமன்ற வரம்புக்கு ஒப்புதல் தர வேண்டியிருக்கும் என்பதால், வழக்கறிஞரிடம் காட்டாமல் அதை அனுப்பாதீர்கள். மிரட்டல் தொடர்ந்தால் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு உங்களுக்கு உதவும்: ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீங்களே முன்கூட்டி வழக்குத் தொடர்ந்து, அத்துமீறல் இல்லை என்ற தீர்ப்பையும் தடை உத்தரவையும் கேட்கலாம்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட விஷயம்: விளையாட்டின் படங்களும் இசையும். நிறுவனத்தின் மிரட்டலைவிட எனக்கு இதில்தான் அதிகக் கவலை. எழுதிக் கையெழுத்திடாமல் உரிமை மாறாது என்ற விதி உங்களை நிறுவனத்திடமிருந்து காப்பாற்றுகிறது. அதே விதிப்படி அந்த இசை இன்றும் உங்கள் நண்பருடையது. வாய்ச்சொல்லாக 'பயன்படுத்திக்கொள்' என்றது, பயன்படுத்த இசைவு இருந்ததாக வாதிட உதவும், அவ்வளவுதான். படங்களைப் பொறுத்தவரை, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் சொன்னவருக்கே சொந்தம் என்கிறது 17(பி). ஆனால் அசையும் உருவங்களும் பொத்தான்களும் 'ஓவியம்' ஆகுமா என்ற வாதத்தை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது. விளையாட்டில் உள்ள அனைத்துக்கும் உரிமை இருக்கிறது என்று ஸ்டீமுக்கு உறுதி கொடுத்தவர் நீங்கள்.

எனவே இருவரிடமும் எழுதி வாங்குங்கள். ஓவியரிடம் படைப்புகளின் பட்டியலுடன் உரிமை மாற்ற ஆவணம். நண்பரோ பணம் வாங்காதவர்; இசையின் உரிமையை அவரே வைத்துக்கொண்டு, விளையாட்டில் பயன்படுத்த உங்களுக்கு நிரந்தர உரிமம் தந்தால் போதும். விற்பனையில் அவருக்கு எவ்வளவு, எந்த மாதம் கணக்குத் தருவீர்கள் என்பதை அதே தாளில் எழுதுங்கள். இசையமைப்பாளர் என்று பெயர் இடம்பெறுவது 57-வது பிரிவு அவருக்குத் தரும் உரிமை. விளையாட்டில் அந்தப் பெயர் இதுவரை இல்லையென்றால், அடுத்த அப்டேட்டில் சேர்த்துவிட்டு அவரைப் பார்க்கப் போங்கள்.