பாட்ரிக் லைனே: முதல் மூன்று வருடங்கள் (கேள்வி பதில்)

ஃபின்லாந்து ஐஸ் ஹாக்கி வீரர் பாட்ரிக் லைனேயின் ஆரம்ப காலம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அவர் சொந்த ஊரான தம்பேரேயில் ஆடிய நாள்களிலிருந்தே கவனித்து வருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஐஸ் ஹாக்கி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

2016ஆம் வருடத்தின் முதல் ஆறு மாதங்களை மட்டும் பாருங்கள். ஜனவரியில் ஹெல்சிங்கியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் தங்கம். வசந்தத்தில் தப்பரா அணியோடு ஃபின்லாந்து லீக் பட்டம். பிளேஆஃபின் (பட்டத்துக்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள்) சிறந்த வீரரும் அவரே. 18 ஆட்டங்களில் 10 கோல். மே மாதம் ரஷ்யாவில் பெரியவர்களுக்கான உலக சாம்பியன்ஷிப். ஃபின்லாந்து இறுதியாட்டத்தில் கனடாவிடம் 2-0 என்று தோற்றது. ஆனாலும் தொடரின் சிறந்த வீரர் விருது இவருக்குத்தான். ஜூனில் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் தேர்வு) இரண்டாவது ஆளாகத் தேர்வு. இவர் பிறந்தது 1998 ஏப்ரல் 19. அதாவது, இத்தனையும் நடந்து முடிந்தபோது வயது பதினெட்டு.

சின்ன வயதில் கோல்கீப்பராக இருந்தாராமே, உண்மையா?

உண்மைதான். ஏறக்குறைய 12 வயது வரை வலைக்கு முன்னால்தான் நின்றார். கோல்கீப்பர் எந்த மூலையை மறைக்கிறார், எதைத் திறந்து வைக்கிறார் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். அவர் அடிக்கும் இடங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய கோல்கீப்பர்தான் நினைவுக்கு வருவார்.

அவருடைய ஷாட்டில் அப்படி என்ன விசேஷம்?

இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். எதிரணி வீரர் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருக்கும்போது மற்ற அணிக்கு ஓர் ஆள் கூடுதல். அதுதான் பவர்பிளே. அப்போது லைனே பனியில் வரைந்திருக்கும் இடப்பக்க வட்டத்தில் போய் நிற்பார். அவர் வலதுகை ஆட்டக்காரர். எதிர்ப்பக்கத்திலிருந்து பனியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) வரும். அதை நிறுத்தி, சரிசெய்து, பிறகு அடிப்பதில்லை. வந்த வேகத்திலேயே மட்டையை வீசி அடிப்பார். ‘ஒன் டைமர்’ என்பார்கள். பக் பயணிக்கும் அந்த நொடியில் கோல்கீப்பர் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு நகர்ந்தாக வேண்டும். அவர் நகர்ந்து முடிப்பதற்குள் பக் வலைக்குள் இருக்கும்.

ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் ஓவெச்கின் பல வருடங்களாக அதே இடத்திலிருந்து கோல் அடித்தவர். லைனே சிறுவயதில் அண்ணாந்து பார்த்தது அவரைத்தான். ஆனால் லைனேயின் ரிஸ்ட் ஷாட்டைத்தான் நான் இன்னும் உயர்வாகச் சொல்வேன். மட்டையைப் பெரிதாகப் பின்னால் இழுக்காமல், மணிக்கட்டின் சுழற்சியில் அடிப்பது அது. அவர் எப்போது அடிக்கப் போகிறார் என்பதற்கான அறிகுறி உடம்பில் எங்குமே தெரியாது.

17 வயதில் பெரியவர்களோடு ஆட விடுவார்களா?

ஃபின்லாந்தில் விடுவார்கள். அந்த நாட்டு ஹாக்கியின் பெரிய பலம் என்று நான் நினைப்பது இதைத்தான். கனடாவில் அந்த வயதுப் பையன்கள் பெரும்பாலும் ஜூனியர் லீக்கில் தங்கள் வயதுக்காரர்களோடு ஆடுவார்கள். ஃபின்லாந்தில் கிளப்பே ஒரு குடும்பம் மாதிரி. கீழே சிறுவர் அணி, மேலே தொழில்முறை அணி. தகுதி வந்துவிட்டால் வயதைப் பார்க்காமல் மேலே ஏற்றிவிடுவார்கள். லைனே முதலில் பக்கத்து ஊர் லெம்பாலாவின் லெகி அணிக்காக இரண்டாம் நிலை லீக்கில் ஆடினார். பிறகு தப்பராவில் 2015-16 சீசன் முழுவதும் முப்பது வயது தடுப்பாட்டக்காரர்களின் இடியை வாங்கிக்கொண்டு 46 ஆட்டங்களில் 17 கோல்.

அப்போது அவர்களுடைய மைதானம் ஹகமெட்சா. 1965இல் திறக்கப்பட்ட, ஃபின்லாந்தின் முதல் உள்ளரங்கப் பனித்தளம். இன்னொரு ஃபின்லாந்து வீரர் அலெக்சாண்டர் பார்கோவும் அதே தப்பராவிலிருந்து வந்தவர்தான். 2013 டிராஃப்டில் அவரும் இரண்டாவது ஆள்.

டிராஃப்ட் என்றால் ஏலமா?

இல்லை. ஐ.பி.எல். மாதிரி பணம் கூவுவது கிடையாது. அணிகள் வரிசை முறைப்படி இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். மோசமாக ஆடிய அணிகளுக்குக் குலுக்கலில் முன்னுரிமை உண்டு. 2016 குலுக்கலில் டொரோன்டோவுக்கு முதல் இடம். அவர்கள் அமெரிக்க வீரர் ஆஸ்டன் மேத்யூஸை எடுத்தார்கள். ஆறாவது இடத்தில் இருந்த வினிபெக் ஜெட்ஸ் அதிர்ஷ்டத்தால் இரண்டாம் இடத்துக்கு ஏறி லைனேயை எடுத்தது. வினிபெக் ஊருக்கு ஃபின்லாந்துக்காரர் புதியவர் அல்ல. 1992-93இல் அங்கே தெமு செலானே முதல் சீசனிலேயே 76 கோல் அடித்தார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் நெருங்கவில்லை.

முதல் சீசன் எப்படிப் போனது?

2016 அக்டோபர் 13, முதல் ஆட்டம், எதிரணி கரோலினா. பின்தங்கியிருந்த வினிபெக் கூடுதல் நேரத்தில் 5-4 என்று வென்றது. லைனேக்கு ஒரு கோல். ஆறு நாள் கழித்து வந்தது மேத்யூஸின் டொரோன்டோ. வினிபெக் 0-4 என்று விழுந்து கிடந்தது. அங்கிருந்து எழுந்து சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் மேத்யூஸ் தனியாகப் பாய்ந்து வந்ததை வினிபெக் கோல்கீப்பர் தடுக்க, அடுத்த சில நொடிகளில் மறுமுனையில் லைனேயின் கோல். அந்த ஆட்டத்தில் அது அவருக்கு மூன்றாவது கோல், ஹாட்ரிக்.

அடிகளும் விழுந்தன. டிசம்பரில் எட்மன்டனுக்கு எதிராகத் தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே பக்கைத் தள்ளிவிட்டார். யார் மீதும் பழி போடாமல் தன் தவறு என்று ஏற்றுக்கொண்டார். ஜனவரியில் பஃபலோவில் வாங்கிய மோதலில் தலையில் அதிர்ச்சிக் காயம், சில வாரம் ஓய்வு. இவ்வளவுக்குப் பிறகும் 73 ஆட்டங்களில் 36 கோல். சிறந்த புதுமுகம் விருது மேத்யூஸுக்குப் போனது. 40 கோல் அடித்தவருக்குக் கொடுத்ததில் எனக்குக் குறை இல்லை.

ஹெல்சிங்கியில் அவரோடு ஒரே வரிசையில் ஆடிய மற்ற இருவர் என்ன ஆனார்கள்?

நல்ல கேள்வி. செபாஸ்டியன் ஆஹோ, யெஸ்ஸே புல்யுயார்வி, லைனே ஆகிய மூவரும் ஒரே தாக்குதல் வரிசை. ரஷ்யாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் கடைசி நொடிகளில் எதிரணி சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் காஸ்பெரி கபனென் அடித்து 4-3 என்று முடித்தார். தொடரின் சிறந்த வீரர் லைனே அல்ல, 17 புள்ளிகள் (கோலுக்கும், கோலுக்கு உதவியதற்கும் ஒவ்வொன்று) எடுத்த புல்யுயார்விதான். ஆஹோவுக்கு 14, லைனேக்கு 13.

புல்யுயார்வியை எட்மன்டன் நான்காவதாக எடுத்து, 18 வயதிலேயே என்.எச்.எல்.லில் இறக்கியது. 28 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல். கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள். 2019-20இல் தாயகம் திரும்பி, ஔலுவின் கார்பத் அணியில் ஆடித் தன்னை மீட்டுக்கொண்டார். அப்புறம் இடுப்பு அறுவை சிகிச்சை வந்தது. ஆஹோ கதை நேரெதிர். 2015 டிராஃப்டில் 35ஆவது ஆள். உடனே கிளம்பிவிடாமல் இன்னொரு வருடம் கார்பத்தில் இருந்து 45 ஆட்டங்களில் 45 புள்ளிகள் எடுத்தார். கரோலினாவில் முதல் சீசனிலேயே 24 கோல். லைனேயின் முதல் என்.எச்.எல். ஆட்டத்தில் எதிரே நின்றவர் அவர்தான். மூவரில் வருடா வருடம் ஒரே தரத்தில் ஆடியவரும் அவர்தான். புல்யுயார்விக்கும் அந்த ஒரு வருடம் வீட்டில் கிடைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திறமையில் அவர் குறைந்தவர் அல்ல.

லைனே ஏன் அதே வேகத்தில் போகவில்லை?

இரண்டாவது சீசனில் 44 கோல். 49 அடித்த ஓவெச்கினுக்கு அடுத்த இடம். இருபது வயது முடிவதற்குள் 80 கோல். மூன்றாவது சீசனின் நவம்பரில் மட்டும் 12 ஆட்டங்களில் 18 கோல். அதில் ஒரு நாள் செயின்ட் லூயிஸுக்கு எதிராக ஐந்து ஷாட், ஐந்தும் கோல்! ஆனால் அந்தச் சீசன் மொத்தமே 30தான். எதிரணிகள் அந்த இடப்பக்க வட்டத்தை அடைத்துவிட்டன. ஷாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சும் வேலைகள், அதாவது சறுக்கும் வேகம், பின்னால் ஓடித் தடுப்பது, இவற்றில் அவர் இன்னும் முதிரவில்லை. 2021 ஜனவரியில் கொலம்பஸுக்கு மாற்றினார்கள். பதிலுக்கு முக்கியமாக வந்தவர் பியேர்-லூக் டுபுவா, 2016 டிராஃப்டில் இவருக்கு அடுத்துத் தேர்வானவர்.

முதல்முறையாகப் பார்ப்பவர் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

2016 அக்டோபர் 19, டொரோன்டோ ஆட்டம். 0-4 ஆனதும் நிறுத்திவிடாதீர்கள்.