நாலைந்து வரிகளை வைத்து ஒரு பாத்திரத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

'ஒரு சின்னப் பகுதியைக் கொடுத்து, இந்தப் பாத்திரத்தின் குணம் என்ன, இதன் பொருள் என்ன என்று கேட்டால் ஒன்றும் தோன்றுவதில்லை' என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லவன், ஏமாளி, சுயநலக்காரி என்று எடுத்த எடுப்பில் முத்திரை குத்திவிடாதீர்கள். அந்த ஆள் எதையெல்லாம் கவனிக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

குறுந்தொகையில் 25-ஆம் பாட்டு, கபிலர் பாடியது, மொத்தமே 5 வரி. கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும் நேரத்தில் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி, தினைத்தாள் போலச் சிறிய பசுங்கால்கள் கொண்ட குருகு என்கிற நீர்ப்பறவையும் அங்கே இருந்தது.

அவசரமாகப் படித்தால் 'தலைவன் ஏமாற்றிவிட்டான், தலைவி அழுகிறாள்' என்று எழுதத் தோன்றும். பாட்டில் அப்படி எங்கேயும் வரவில்லை. பொய் சொன்னால் என்றுதான் சொல்கிறாள், அவன் இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் கள்வன் என்று சொல்லிவிட்டாளே, அப்படியென்றால் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது என்று தாராளமாக எழுதலாம்.

அப்புறம் அந்தக் குருகு, எனக்கு இந்தப் பாட்டில் ரொம்பப் பிடித்த இடம். யாருமே இல்லை என்று ஆரம்பித்தவள் சாட்சிக்கு ஆள் தேடித் தேடிக் கடைசியில் ஒரு பறவையைப் பிடிக்கிறாள், அதற்கு வாய் கிடையாது, போதாக்குறைக்கு அதன் கண்ணும் இவர்கள் மேல் இல்லாமல் மீன் மேலேயே இருந்திருக்கிறது. தனக்கு யாரும் துணையில்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லவே வேண்டியதில்லை. அந்தக் கால் எவ்வளவு மெலிசு என்பதுவரை ஞாபகம் இருக்கிறது என்றால், அந்த நாளை மனதுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பாள்! இது ஊகம்தான், ஆனால் பாட்டில் உள்ள ஒரு விவரத்தில் கால் ஊன்றி நிற்கிற ஊகம். குருகைத் தலைவனாகவும் மீனைத் தலைவியாகவும் வைத்து ஒருவர் படித்தால் அதையும் ஏற்பேன். அவன் வேறொருத்தியைத் தேடிப் போய்விட்டான் என்றால், எந்த வரியில் என்று கேட்பேன்.

எழுதும்போதும் இப்படியே செய்யுங்கள்: குணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், அதைக் காட்டுகிற பேச்சையோ செயலையோ உடனே பக்கத்தில் வையுங்கள். பேசுவது யார், யாரிடம் என்பதையும் மறக்காமல் பாருங்கள், இங்கே பாடியவர் கபிலர் என்றாலும் பயம் தலைவியுடையது.